சிவப்பு ராட்சத நட்சத்திரத்தின் மையம் சுழல்வதை அளந்தார்களா, ஊகித்தார்களா?

கேட்டவர் எழுதியிருந்தது இது: "சிவப்பு ராட்சத நட்சத்திரங்களின் மையம், மேற்பரப்பைவிடக் குறைந்தது பத்து மடங்கு வேகமாகச் சுழல்கிறது என்று படித்தேன். தொலைநோக்கியில் வெறும் புள்ளியாகத் தெரிகிற ஒன்றின் வயிற்றுக்குள் நடப்பதை எப்படி அளக்க முடியும்? இது அளவீடா, கணினி மாடல் சொன்ன கதையா? நம் சூரியனுக்கும் இதே கதிதானா?" பார்ப்பதற்குச் சுழற்சியைப் பற்றிய கேள்விதான். ஆனால் அவர் உண்மையில் கேட்பது, நட்சத்திரங்களின் அதிர்வை வைத்துச் சொல்லப்படும் செய்திகளில் எதை அப்படியே நம்பலாம், எதைக் கொஞ்சம் நிறுத்திக் கேட்க வேண்டும் என்பதை. சுழற்சியைப் பொறுத்தவரை பதில் எளிது: ஆம், அளவீடுதான், அதில் மாடலின் பங்கு ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு. அதே நட்சத்திரத்தின் வயது என்ன என்று கேட்டால்தான் மாடல் முழுதாக உள்ளே வருகிறது. ஆழத்தில் ஒளிந்திருக்கும் மையத்தின் சுழற்சியைச் சில சதவீதப் பிழையோடு சொல்ல முடிகிறது. அந்த நட்சத்திரம் எப்போது பிறந்தது என்பதற்கு மட்டும் 20, 30 சதவீதப் பிழை ஒட்டிக்கொண்டே வருகிறது. இந்தத் தலைகீழ் நிலைமை எப்படி வந்தது என்பதைத்தான் விளக்கப் போகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பல வருடங்களாக வேலை செய்வது நட்சத்திரங்களின் ஒளி அளவீடுகளோடும் அவற்றிலிருந்து அதிர்வெண்களைப் பிரித்தெடுப்பதோடும். உட்கட்டமைப்பு மாடல்களைப் பயன்படுத்துவேன், ஆனால் எழுதுகிறவன் இல்லை. அதனால் அளவீட்டின் பக்கம் எனக்கு ஒரு சாய்வு உண்டு.

சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம் மையத்திலுள்ள ஹைட்ரஜனை எரித்துத் தீர்த்ததும் அங்கே ஹீலியம் மட்டும் மிஞ்சும். எரிபொருள் இல்லாத அந்த மையம் தன் எடையாலேயே சுருங்கும். அதைச் சுற்றிய மெல்லிய ஓட்டில் ஹைட்ரஜன் தொடர்ந்து எரியும். வெளியுறை ஊதிப் பெருக்கும். ராட்சத நிலையின் ஆரம்பத்தில் நட்சத்திரத்தின் ஆரம் சூரியனைப்போல ஐந்து மடங்கு இருக்கிறது என்றால், உள்ளே இருக்கும் ஹீலிய மையம் பூமியைப்போல இரண்டு மூன்று மடங்குதான் பெரியது. நிறையில் கணிசமான பங்கு அந்தச் சின்ன இடத்துக்குள் அடைந்து கிடக்கிறது. இப்படி ஒரே நட்சத்திரத்துக்குள் இரண்டு வேறு உலகங்கள் இருப்பதுதான் நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். ஏன் என்று பிறகு வருகிறேன்.

இந்த நட்சத்திரங்கள் ஏன் அதிர்கின்றன என்பதில் இன்று சந்தேகம் இல்லை. வெளியுறையில் சூடான வாயு மேலே வருவதும் குளிர்ந்தது கீழே போவதுமாக ஓயாத கொதிப்பு. அந்தக் கொதிப்பு எழுப்பும் இரைச்சலில் எல்லா அதிர்வெண்களும் இருக்கும்; நட்சத்திரத்தின் அளவுக்கும் அடர்த்திக்கும் பொருந்துகிறவை மட்டும் உள்ளேயே சுற்றிச்சுற்றி வந்து வலுப்பெறும். சூரியனில் இதை 1960-களின் தொடக்கத்திலேயே கண்டார்கள். அங்கே ஒரு அதிர்வுக்குச் சுமார் ஐந்து நிமிடம். ராட்சத நட்சத்திரம் பெரியது, நீர்த்துப்போனது, அதனால் அங்கே மணிக்கணக்கு, சிலவற்றில் நாட்கணக்கு. பிரகாசத்தில் ஏற்படும் மாற்றமோ பத்து லட்சத்தில் சில பத்து முதல் சில நூறு பங்கு. தரையிலிருந்து பார்த்தால் நம் வளிமண்டலத்தின் நடுக்கமே இதைவிட அதிகம். போதாததற்கு விடிந்தால் தொடர்ச்சியும் அறுந்துவிடும். இருந்தும் 2002-ல் தரையிலிருந்தே, நிறமாலையில் தெரியும் திசைவேக மாற்றத்தை வைத்து, க்ஸை ஹைட்ரே என்ற நட்சத்திரத்தில் சுமார் மூன்று மணி நேர அதிர்வுகளைப் பிடித்தார்கள். ஆனால் ராட்சத நட்சத்திரங்கள் முழுக் கோளமாக விரிந்து சுருங்குவது மட்டும்தானா, ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் ஒடுங்குகிற சிக்கலான அதிர்வுகளும் உண்டா என்ற சண்டை அதற்குப் பிறகும் ஓயவில்லை. பிரான்ஸ் தலைமையில் 2006 டிசம்பரில் ஏவப்பட்ட கோரோ விண்கலத்தின் அளவீடுகள் 2009-ல் அதை முடித்துவைத்தன: சிக்கலான அதிர்வுகளும் உண்டு, ஏராளமாக உண்டு. அதே 2009-ல் கிளம்பிய நாசாவின் கெப்ளர் விண்கலம், வானத்தின் ஒரே பகுதியை நான்கு வருடம் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது. வேற்றுக் கோள்களைத் தேடப் போன கருவி அது. பெரும்பாலான நட்சத்திரங்களுக்கு அரை மணிக்கு ஒரு அளவீடுதான் எடுத்தது. ராட்சதர்களுக்கு அதுவே தாராளம்.

அப்படிக் கிடைத்த ஒளி அளவீட்டை ஃபூரியர் உருமாற்றம் செய்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் என்று வரைந்தால், ஓரிடத்தில் முதுகுபோல மேடு தட்டும். அந்த மேட்டுக்குள் சிகரங்கள் ஏறக்குறையச் சம இடைவெளியில் நிற்கும். மேட்டின் உச்சி இருக்கும் அதிர்வெண் ஒரு எண். சிகரங்களுக்கு இடையிலுள்ள இடைவெளி இன்னொரு எண். உச்சி, மேற்பரப்பின் ஈர்ப்பைச் சொல்கிறது. இடைவெளி, ஒலி நட்சத்திரத்தைக் கடந்துபோக எடுக்கும் நேரத்தைப் பொறுத்தது என்பதால் சராசரி அடர்த்தியைச் சொல்கிறது. ஈர்ப்பும் அடர்த்தியும் தெரிந்தால் நிறையும் ஆரமும் கிடைத்துவிடும். நிறமாலையிலிருந்து வெப்பநிலை மட்டும் கூடவே வேண்டும். எல்லாவற்றையும் சூரியனோடு ஒப்பிட்டுக் கணக்குப் போடுவோம். சூரியனுக்கு உச்சி சுமார் 3090 மைக்ரோஹெர்ட்ஸ் (பத்து லட்சம் நொடிக்கு 3090 அதிர்வு), இடைவெளி சுமார் 135.

ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். உச்சி 30, இடைவெளி 4 மைக்ரோஹெர்ட்ஸ், வெப்பநிலை 4800 கெல்வின் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட நட்சத்திரங்கள் வானத்தில் எக்கச்சக்கம். ஒரு அதிர்வுக்கு ஒன்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். சமன்பாட்டில் போட்டால் ஆரம் சூரியனைப்போலப் பத்து மடங்கு, நிறை 0.9 மடங்கு என்று வரும். இப்போது இடைவெளியைத் தொடாமல் உச்சியை மட்டும் 30-லிருந்து 32 ஆக்குங்கள். நிறை 1.1 ஆகிவிடும். காரணம், நிறைக்கான சமன்பாட்டில் உச்சியின் மும்மடியும் இடைவெளியின் நான்மடியும் வருகின்றன. இடைவெளியில் ஒரு சதவீதம் பிசகினால் நிறையில் நான்கு சதவீதம் போய்விடும். இந்தப் பலவீனத்தை நினைவில் வையுங்கள். வயதைப் பற்றிப் பேசும்போது இது திரும்ப வந்து கடிக்கும்.

இதுவரை சொன்னது முழு நட்சத்திரத்தின் சராசரிக் குணங்கள். கேள்வி கேட்டது மையத்தைப் பற்றி. அங்கே போக இரண்டு வகை அலைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று ஒலியலை: அழுத்தத்தால் நகர்வது, பெரும்பாலும் வெளியுறையில் வாழ்வது. இன்னொன்றை மிதப்பலை என்று அழைக்கிறேன். அடுக்கடுக்காக அமைதியாக இருக்கும் பகுதியில் ஒரு வாயுக் கட்டியைக் கொஞ்சம் மேலே தள்ளினால், சுற்றுப்புறத்தைவிடக் கனமாக இருப்பதால் அது கீழே இறங்கும், தாண்டிப்போய் மறுபடி ஏறும். அந்த ஊசலாட்டம் பரவுவதுதான் மிதப்பலை. கொதிக்கும் பகுதியில் இது வாழாது, ஏனென்றால் அங்கே தள்ளிய கட்டி திரும்பி வராது. ஆகவே ராட்சத நட்சத்திரத்தில் மிதப்பலைக்கு இருப்பிடம் மையமும் அதை ஒட்டிய பகுதியும்தான். சூரியனில் இந்த இரண்டு வகைக்கும் அதிர்வெண்கள் வெகுதூரம் தள்ளியிருக்கின்றன. மிதப்பலைகள் தாழ்ந்த அதிர்வெண்ணில், கொதிக்கும் வெளியுறைக்குக் கீழே அடைபட்டு, மேலே வரும்போது ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் தேய்ந்துவிடுகின்றன. சூரியனில் அவற்றைக் கண்டுவிட்டோம் என்று அவ்வப்போது அறிவிப்பு வரும். 2017-ல் வந்த அறிவிப்பு பெரிதாகப் பேசப்பட்டது. மற்றவர்கள் அதே தரவை வைத்துத் திரும்பச் செய்து பார்த்தபோது அது தாக்குப்பிடிக்கவில்லை.

ராட்சத நட்சத்திரத்தில் நிலைமையே வேறு. மையம் சுருங்கச் சுருங்க அங்குள்ள ஈர்ப்பு கூடும், மிதப்பலைகளின் அதிர்வெண் உயரும். உறை ஊத ஊத ஒலியலைகளின் அதிர்வெண் இறங்கும். ஒரு கட்டத்தில் இரண்டும் சந்திக்கும். ஒரே கயிற்றில் கட்டிய இரண்டு ஊஞ்சல்களில் ஒன்றை ஆட்டினால் மற்றதும் ஆடத் தொடங்குவதுபோல, உறையின் ஒலியலையும் மையத்தின் மிதப்பலையும் ஒன்றையொன்று ஆட்டத் தொடங்கும். இப்படி உண்டாகும் அதிர்வைக் கலப்பு அதிர்வு என்கிறோம். அது மேற்பரப்பில் தெரியும், ஆனால் மையத்தின் குணத்தைச் சுமந்துகொண்டு தெரியும். கோளம் முழுதும் ஒன்றாக விரிந்து சுருங்கும் அதிர்வில் இந்தக் கலப்பு கிடையாது. ஒரு பாதி வெளிச்சமாகவும் மறு பாதி மங்கலாகவும் மாறிமாறி வருகிற இருமுனை அதிர்வில்தான் கலப்பு நன்றாகத் தெரிகிறது. இதைவிட நுணுக்கமான கோலங்களில் வெளிச்சப் பகுதியும் மங்கல் பகுதியும் ஒன்றையொன்று அடித்துவிடும். நட்சத்திரம் நமக்கு ஒரே புள்ளியாகத் தெரிவதால் மிஞ்சுவது குறைவு. ஆக, மையத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி இருமுனை அதிர்வுகள் கொடுத்த தகவல்.

2011-ல் பால் பெக் குழு கெப்ளர் தரவில் இந்தக் கலப்பின் தடத்தைக் காட்டியது. ஒலியலைகள் அதிர்வெண்ணில் சம இடைவெளி விடும். மிதப்பலைகள் விடும் சம இடைவெளி அலைவு நேரத்தில் இருக்கும். எந்த விகிதத்தில் எது கலந்திருக்கிறது என்பதை இந்த வித்தியாசமே காட்டிக்கொடுத்துவிடுகிறது. அதே ஆண்டு டிம் பெடிங் குழு செய்தது, என் கருத்தில், இந்தத் துறையின் மிக அழகான வேலை. மையத்தைச் சுற்றிய ஓட்டில் ஹைட்ரஜன் எரிக்கும் ராட்சதன், மையத்திலேயே ஹீலியம் எரிக்கும் ராட்சதன் என்று இரண்டு வகை உண்டு. இரண்டும் அதே பிரகாசத்தில், அதே நிறத்தில் இருக்கக்கூடும். வெளியிலிருந்து பார்த்துப் பிரிப்பது பல நட்சத்திரங்களில் நடக்காத காரியம். மிதப்பலைகளின் நேர இடைவெளியைப் பார்த்தால் இரண்டு கூட்டங்கள் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. கலப்பின் பாதிப்பைக் கழித்துவிட்டுப் பார்த்தால், ஹைட்ரஜன் ஓட்டுக்காரர்களுக்குச் சுமார் 80 நொடி, ஹீலியம் எரிப்பவர்களுக்குச் சுமார் 300 நொடி. ஹீலியம் பற்றியதும் மையம் கொஞ்சம் விரிகிறது, நடுவில் ஒரு கொதிக்கும் பகுதியும் உண்டாகிறது. கொதிக்கும் இடத்தில் மிதப்பலை வாழாது என்று சொன்னேன் அல்லவா, அதனால் அதன் இருப்பிடம் குறுகி இடைவெளி எகிறிவிடுகிறது. 80-க்கும் 300-க்கும் இடையிலான பள்ளம் எந்த அளவீட்டுப் பிழையாலும் நிரம்பாது. நல்ல தரவு இருக்கும் நட்சத்திரத்தில் "இது ஹீலியம் எரிக்கிறது" என்று யாராவது சொன்னால், அதைத் தயங்காமல் நம்புவேன்.

சரி, சுழற்சிக்கு வருவோம். நட்சத்திரம் சுழலாவிட்டால், ஒவ்வொரு இருமுனை அதிர்வும் ஒற்றைச் சிகரம். சுழன்றால், சுழலும் திசையிலேயே ஓடும் அலைக்கும் எதிர்த்து ஓடும் அலைக்கும் நமக்குத் தெரியும் அதிர்வெண் வேறாகி, சிகரம் மூன்றாகப் பிரியும். எவ்வளவு விலகிப் பிரிகிறது என்பதுதான் சுழற்சி வேகம். எந்த இடத்தின் சுழற்சி என்பதற்குக் கலப்பு பதில் சொல்கிறது: மிதப்பலையின் குணம் மேலோங்கிய சிகரங்கள் மையத்தின் சுழற்சியைச் சொல்லும், ஒலியலை மேலோங்கியவை உறையின் சுழற்சியையும் கலந்து சொல்லும்.

நட்சத்திரம் முழுதும் ஒரே வேகத்தில் சுழல்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்போது ஒலியலைச் சிகரங்கள் அதிகமாகப் பிரிய வேண்டும். இருமுனை மிதப்பலைச் சிகரங்கள் அதில் பாதி அளவே பிரிய வேண்டும். இது அலைகளின் வடிவிலிருந்தே வருகிற விகிதம், எந்த நட்சத்திர மாடலையும் நம்பி வருவதில்லை. 2012-ல் பெக் குழு, கெப்ளர் பட்டியலில் KIC 8366239 என்ற எண்ணுள்ள நட்சத்திரத்தில் கண்டது இதற்கு நேர் எதிர்: மிதப்பலைச் சிகரங்கள்தான் அதிகமாகப் பிரிந்திருந்தன. ஒரே வேகச் சுழற்சி என்ற எண்ணம் அந்த இடத்திலேயே செத்துவிட்டது. "பத்து மடங்கு" என்ற எண்ணை எடுக்கத்தான் மாடல் தேவைப்பட்டது. எந்தச் சிகரத்தில் எத்தனை பங்கு மையம், எத்தனை பங்கு உறை என்ற எடைகளை மாடல்தான் கொடுக்கும். அந்த எடைகளும் பெரிய சர்ச்சைக்குரியவை இல்லை.

கேள்வியில் "குறைந்தது" பத்து மடங்கு என்று இருந்ததைக் கவனித்தீர்களா? அந்தச் சொல் சும்மா போட்டதில்லை. மையத்தின் வேகம் நன்றாகத் தெரியும். உறையின் வேகம்தான் மங்கல். உறை மிக மெதுவாகச் சுழல்வதாலும், ஒலியலைச் சிகரங்களிலும் மையத்தின் பங்கு கலந்துவிடுவதாலும், "இதற்கு மேல் இருக்காது" என்ற எல்லையைத்தான் பல நட்சத்திரங்களில் சொல்ல முடிகிறது. இரண்டுக்கும் இடையில் வேகம் எங்கே மாறுகிறது, படிப்படியாகவா, ஒரே தாவலாகவா என்பதற்கு ராட்சதர்களின் தரவு உறுதியான பதில் தருவதில்லை. கலப்பு அதிர்வுகள் இரண்டு முனைகளைத்தான் நன்றாகத் தொடுகின்றன. நடுப்பகுதி பெரும்பாலும் இருட்டு. மையம் முதல் மேற்பரப்பு வரை அழகான வண்ணக் கோடாகச் சுழற்சி வேகத்தை வரைந்த படத்தைப் பார்த்தால், அதன் நடுப்பகுதி மாடல் வரைந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவீடு உறுதி, ஆனால் விளக்கம் கைவசம் இல்லை. சுருங்கும் மையம் தன்னிடமுள்ள சுழற்சியின் அளவை, அதாவது கோண உந்தத்தை, காப்பாற்றிக்கொண்டு மேலும் மேலும் வேகமாகச் சுழல வேண்டும். மேற்பரப்பைவிடப் பத்து மடங்கு வேகம் என்பது கேட்பவர்களுக்கு வேகமாகத் தெரியும். கோட்பாட்டுக்காரர்களுக்கு அது அநியாயத்துக்கு மெதுவு. வாயு ஓட்டங்கள் வழியாக மட்டுமே கோண உந்தம் வெளியே போகிறது என்று எடுத்துக்கொள்ளும் மாடல்கள் நூறு மடங்குக்கு மேல் அதிகமான வேகத்தைக் கணிக்கின்றன. காந்தப்புலத்தைச் சேர்த்த பழைய மாடல்கள்கூடச் சுமார் பத்து மடங்கு அதிகமாகக் காட்டின. நிஜத்திலோ, ராட்சதக் கிளையில் ஏறும் (அதாவது ஓட்டில் ஹைட்ரஜன் எரித்தபடி ஊதிக்கொண்டே போகும்) நட்சத்திரங்களின் மையம் சுமார் பதினைந்து நாளுக்கு ஒரு சுற்று என்ற அளவில் சுழல்கிறது. சுமார் 900 நட்சத்திரங்களை வைத்து 2018-ல் வந்த ஆய்வு, மையம் சுருங்கிக்கொண்டே போனாலும் இந்த வேகம் ஏறக்குறைய மாறாமல் நிற்கிறது என்று காட்டியது. ஹீலியம் எரிக்கும் கட்டத்தில் சுமார் நூறு நாளுக்கு ஒரு சுற்று என்று இன்னும் மெதுவாகிவிடுகிறது. அப்படியானால் மையத்திலிருந்து கோண உந்தத்தை ஏதோ ஒன்று விடாமல் உறிஞ்சி உறைக்குக் கடத்துகிறது. அது என்ன? காந்தப்புல நிலையின்மையின் திருத்திய வடிவம், உள்ளே பரவும் மிதப்பலைகளே சுமந்து போவது, பழைய காந்தப்புலம் இரண்டு பகுதிகளையும் பிணைத்து வைத்திருப்பது என்று பல யோசனைகள். இவற்றில் முதல் யோசனைக்கு 2019-ல் வந்த திருத்தம் அளவீட்டுக்கு வெகு அருகில் வந்தது. ஆனால் ராட்சதக் கிளைக்குச் சரியாக வரும்படி அமைத்தால் அதற்கு முந்தைய கட்டத்தில் உள்ள நட்சத்திரங்களுக்குப் பொருந்துவதில்லை. காந்தப்புலம்தான் குற்றவாளி என்று நான் சாய்கிறேன். ஆனால் அது ஊகம். அளவீட்டோடு சேர்த்து எண்ணாதீர்கள்.

காந்தப்புலத்தைத் தனியாகவே தேடியிருக்கிறார்கள். கெப்ளர் ராட்சதர்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்றில் இருமுனை அதிர்வுகள் எதிர்பார்த்ததைவிட மிகவும் மங்கலாக இருக்கின்றன. மையத்தில் வலுவான காந்தப்புலம் இருந்தால் உள்ளே போன அலை சிதறித் திரும்பாமல் போய்விடும், அதனால்தான் மங்கல் என்று 2015-ல் ஒரு விளக்கம் வந்தது. சூரியனைவிடக் கொஞ்சம் கனமாகப் பிறந்த நட்சத்திரங்களில்தான் இந்த மங்கல் அதிகம் என்று 2016-ல் தெரிந்தது. அவற்றுக்கு இளமையில் கொதிக்கும் மையம் இருந்திருக்கும், அங்கே காந்தப்புலம் பிறந்திருக்கலாம் என்பதால் கதை கச்சிதமாகப் பொருந்தியது. எனக்கு அந்தக் கச்சிதமே கொஞ்சம் நெருடல். மங்கலான சில நட்சத்திரங்களில் மையத்தின் குணம் இன்னும் சிகரங்களில் தெரிகிறது, அலை முழுதாகச் சிதறியிருந்தால் அப்படித் தெரியாதே என்று 2017-ல் எழுந்த எதிர்ப்பு இன்னும் முழுதாகத் தீரவில்லை. இதைவிட உறுதியானது 2022-ல் வந்தது: மூன்று நட்சத்திரங்களில், சுழற்சியால் மூன்றாகப் பிரிந்த சிகரங்களில் நடுச்சிகரம் சரியாக நடுவில் நிற்கவில்லை. சுழற்சி மட்டும் இருந்தால் அந்தக் கோணல் வராது. காந்தப்புலம் இருந்தால் வரும். அதிலிருந்து மையத்தில் 30 முதல் 100 கிலோகாஸ் வரை புலம் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். பூமியின் மேற்பரப்பில் இருப்பது அரை காஸ்தான்.

இனி பலவீனமான பக்கம்: நிறையும் வயதும். இடைவெளிக்கும் அடர்த்திக்கும் உள்ள தொடர்பு ஒலி பரவும் கோட்பாட்டிலிருந்தே கிடைக்கிறது, ஆனாலும் ராட்சதர்களில் சில சதவீதத் திருத்தம் வேண்டும், அந்தத் திருத்தத்தை மாடல்தான் தரும். உச்சிக்கும் ஈர்ப்புக்கும் உள்ள தொடர்போ பெருமளவு அனுபவ விதி. ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு, கறாரான நிரூபணம் இல்லை. சரிபார்க்க நல்ல வழி, ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை நட்சத்திரங்கள். அவற்றின் நிறையை இயக்க விதிகளை மட்டும் வைத்துத் தனியாகக் கணக்கிட முடியும். 2016-ல் அப்படிப்பட்ட சுமார் பத்து ஜோடிகளில் ஒப்பிட்டபோது, திருத்தம் செய்யாத அதிர்வுச் சமன்பாடு ஆரத்தைச் சுமார் 5 சதவீதமும் நிறையைச் சுமார் 15 சதவீதமும் கூட்டிச் சொன்னது. திருத்தம் செய்தால் வேறுபாடு வெகுவாகக் குறைகிறது. கையா விண்கலத்தின் தொலைவு அளவீட்டோடு ஒப்பிட்டால் ஆரம் சில சதவீதத்துக்குள் ஒத்துப்போகிறது; மிகப் பெரிய ராட்சதர்களில்தான் விலகத் தொடங்குகிறது. ஆக ஆரம் நல்லது, நிறை பரவாயில்லை.

வயதுக்குப் போகும்போது பிழை பெருகும். ராட்சதனின் வயது என்பது பெரும்பாலும் அது மையத்தில் ஹைட்ரஜன் எரித்த காலம். அது நிறையை மிகக் கூர்மையாகச் சார்ந்தது. நிறையில் 10 சதவீதப் பிழை வயதில் 30 சதவீதத்துக்கு மேலாகிவிடும். நம் கணக்கில் வந்த 0.9 சூரிய நிறையை அப்படியே எடுத்தால், சூரியனைப் போன்ற கலவை கொண்ட நட்சத்திரத்துக்கு வயது பிரபஞ்சத்தின் வயதான 13.8 பில்லியன் ஆண்டையே தாண்டிப்போகும். அளவீடு தப்பு என்று உடனே சொல்லிவிடவும் முடியாது. ஹீலியம் எரிக்கும் கட்டத்துக்கு வருவதற்குள் நட்சத்திரம் வெளியுறையின் ஒரு பகுதியைக் காற்றாக இழந்திருக்கலாம். என்ஜிசி 6791 என்ற நட்சத்திரக் கூட்டத்தில் ராட்சதக் கிளையில் இருப்பவற்றையும் ஹீலியம் எரிப்பவற்றையும் ஒப்பிட்டு, இழப்பு சராசரியாகச் சுமார் 0.09 சூரிய நிறை என்று கண்டார்கள். கூட்டத்தில் எல்லாம் ஒன்றாகப் பிறந்தவை என்பதால் அந்த ஒப்பீடு செல்லும். தனியாகத் திரியும் நட்சத்திரத்துக்கு எவ்வளவு இழந்தது என்று யாரிடம் கேட்பது? இன்னொரு தொல்லையும் உண்டு: வேதியியல் கலவையைப் பார்த்தால் மிகப் பழையது, நிறையைப் பார்த்தால் இளையது என்று சில ராட்சதர்கள் இருக்கின்றன. நிறை அளவீடு சரியாகவே இருக்கலாம். துணை நட்சத்திரத்திலிருந்து வாயுவை வாங்கியோ, இரண்டு ஒன்றாகச் சேர்ந்தோ கனத்தவை அவை என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். அப்படிப்பட்டதற்கு அதிர்விலிருந்து எடுத்த வயது வெறும் எண்தான். ஆயிரக்கணக்கான ராட்சதர்களை வைத்து நம் பால்வழி மண்டலத்தின் வரலாற்றை எழுதும் ஆய்வுகளை நான் மதிக்கிறேன். கூட்டத்தின் போக்கு அவற்றில் நன்றாகவே தெரிகிறது. ஒற்றை நட்சத்திரத்தின் வயதைத் தலைப்பாக்கும் செய்திகளைத்தான் நம்புவதில்லை.

எந்தத் தரவில் எது சாத்தியம் என்பதையும் கவனியுங்கள். நெருங்கிய இரண்டு சிகரங்களைப் பிரிக்க, நீண்ட காலம் பார்க்க வேண்டும். நான்கு வருடத் தரவில் 0.01 மைக்ரோஹெர்ட்ஸுக்கும் குறைவான வித்தியாசம் தெரியும். டெஸ் விண்கலம் வானத்தின் ஒரு பகுதியை ஒரு முறைக்குச் சுமார் 27 நாள்தான் பார்க்கிறது, அதில் 0.4 மைக்ரோஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் பிரியாது, சுழற்சியால் வரும் பிரிவோ பெரும்பாலும் அந்த அளவிலோ அதற்குக் கீழோதான். 2021-ல் டெஸ் தரவில் 1,58,000 ராட்சதர்களில் அதிர்வு கண்டதாக அறிவித்தார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் கிடைத்தது மேட்டின் உச்சி மட்டும், மையத்தைப் பற்றிய தகவல் இல்லை. அதேபோல மிகவும் ஊதிப்போன ராட்சதர்களில் மையத்துக்கும் உறைக்கும் இடையிலான பிணைப்பு நலிந்து, கலப்புச் சிகரங்கள் கண்ணில் படாத அளவுக்குத் தேய்ந்துவிடும். நாம் உள்ளே பார்த்தது ராட்சத வாழ்வின் கீழ்ப்பகுதியையும் ஹீலியம் எரிக்கும் கட்டத்தையும்தான். கிளையின் உச்சிக்கு அருகே மையம் என்ன செய்கிறது என்பதற்கு இந்த வழியில் அளவீடு கிடையாது.

கடைசியாக, நம் சூரியன். இன்னும் சுமார் ஐந்து பில்லியன் ஆண்டுகளில் அதுவும் ராட்சதனாகும். நிறையில் ஒத்த கெப்ளர் ராட்சதர்களை வைத்துப் பார்த்தால், அதன் மையமும் வாரக்கணக்கில் ஒரு சுற்று என்ற நிதானத்துக்கு வரும் என்று எதிர்பார்க்கலாம். இன்றைய சூரியனின் நடுப்பகுதி எவ்வளவு வேகத்தில் சுழல்கிறது என்று கேட்டீர்களானால், மேற்பரப்பிலிருந்து உள்நோக்கிப் போனால், மையத்துக்கு ஆரத்தில் ஐந்தில் ஒரு பங்கு தூரம் மிஞ்சும் வரைதான் ஒலியலைகள் நம்பகமாகச் சொல்கின்றன. அதற்கும் உள்ளே, பக்கத்திலிருக்கும் சூரியனைவிடப் பல நூறு ஒளியாண்டு தள்ளியிருக்கும் ராட்சதர்களைத்தான் நமக்கு நன்றாகத் தெரியும். நீங்களே பார்க்க விரும்பினால் கெப்ளர் தரவு முழுதும் இலவசமாகக் கிடைக்கிறது. மேலே சொன்ன KIC 8366239 நட்சத்திரத்தின் நான்கு வருட அளவீட்டை எடுத்து, லைட்கர்வ் என்ற பைத்தான் நிரலில் அதிர்வெண் வரைபடம் போடுங்கள். இருமுனைச் சிகரங்களை அடையாளம் காணக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். எங்கேயாவது சிக்கினால் வரைபடத்தோடு திரும்ப எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.